டீ வரத் தாமதமான கூட்டம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் உன் அம்மா எழுந்து நின்று, தனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டாள். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள்.

வழிபாட்டில் உட்கார மாட்டேன் என்று நீ சொல்ல, உட்காராதவளுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று நான் சொல்ல, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீயும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தெருக்கதை.

சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரரை எல்லோரும் ‘ஒருமனது’ என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். அவர் கொண்டுவந்த எந்தத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறாமல் போனதில்லை. “மறுப்பு உண்டா?” என்று அவர் வாயைத் திறக்கும்போதே டீத்தட்டு உள்ளே வரும். தட்டைப் பார்த்ததும் கைதட்டிவிடுவோம். தட்டியது டீக்கா தீர்மானத்துக்கா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த முறை தீர்மானம் இது: ஓட்டுக் கேட்டு ஒரு பெரிய தலைவர் நம் தெரு வழியாக வருகிறார். எல்லாக் கடை ஷட்டருக்கும் அவர் கட்சியின் ஊதா நிறம் அடிக்க வேண்டும். முதலாளிகள் கடை வாசலில் வரிசையாக நின்று அவர் வெற்றிக்காகக் கூட்டு வழிபாடு செய்ய வேண்டும். பெயின்ட் கடைக்காரனான எனக்கு இதைவிட நல்ல தீர்மானம் உண்டா? திருப்பி எடுக்க மாட்டோம் என்று கம்பெனிக்காரன் சொல்லியும், ஊதா டின்களைக் கூட்டத்துக்கு முன்பே கடை நிறைய இறக்கி வைத்துவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து டீக்கடையில் கேஸ் தீர்ந்துவிட்டது. “மறுப்பு உண்டா?” என்று கேட்டுவிட்டு ஒருமனது வாசலைப் பார்க்கிறார். நாங்களும் வாசலைப் பார்க்கிறோம். தட்டைக் காணோம். அந்த அமைதியில்தான் தையல்கடை முதலாளியான உன் அம்மா எழுந்தாள்.

“என்னம்மா, நீங்க எதிர்க்கட்சியா?” என்றார் ஒருமனது.

“போன தடவையும் இவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன், இந்தத் தடவையும் போடுவேன். என் ஷட்டர் யாருக்குப் போடணும்னு சங்கம் எதுக்குச் சொல்லுது?”

“சரி, சாமி கும்பிடறதுல என்ன கஷ்டம்?”

“தினம் ரெண்டு வேளை கும்பிடறேன் தலைவரே. விசிலடிச்சதும் வரிசையில நின்னு கும்பிட்டுப் பழக்கமில்லை.”

யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “சம்மதமில்லாதவங்களுக்குச் சங்கத்துல என்ன வேலை?” என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! “என்னய்யா பேச்சு இது? சந்தா கட்டின உறுப்பினர், மனசுல பட்டதைச் சொன்னா வெளியே போகச் சொல்றதா?” என்று எழுந்துவிட்டேன். என் ஊதா டின்கள் அத்தனையும் கண்முன் வந்து போயின. உட்காரவில்லை. உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், “நல்லாத்தான் பேசினீங்க. ஊருக்கு மட்டும்தானா, வீட்டுக்கும் உண்டா?” என்றாள்.

மறுநாள் காலை சைக்கிள் கடைக்காரர் தையல்கடைக்கு வந்து, “அக்கா, நானும் அதையேதான் நினைச்சேன்” என்றாராம். “அப்புறம் ஏன்யா இத்தனை நாளா கை தட்டினே?” என்று கேட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் இன்னும் நாலைந்து பேர் வந்து நினைத்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருமனது இறங்கி வந்தார்: விருப்பமுள்ளவர் ஊதா அடிக்கலாம், விருப்பமுள்ளவர் வழிபாட்டில் நிற்கலாம். அம்மாவின் பெயர் சங்கத்தில் அப்படியே இருக்கிறது. வேடிக்கையைக் கேள்: ஊதா வேண்டாம் என்றவர்கள் சும்மா இருப்பார்களா? பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆளுக்கொரு டின் வாங்கிப் போனார்கள். ஊதாவில் பாதி தேங்கிக் கிடக்கிறது, மற்றதெல்லாம் காலி.

வியாபாரத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. “இந்தப் பெயின்ட் மட்டம்” என்று முகத்துக்கு நேரே சண்டை போடுகிறவர் மறுபடியும் நம் கடைக்குத்தான் வருவார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போகிறவரைத்தான் அப்புறம் அடுத்த கடையில் பார்க்கலாம். இது வீட்டுக்கும் பொருந்துமா என்று நான் யோசிக்கவில்லை. உன் அம்மா யோசிக்க வைத்தாள்.

மூன்று நாள் பேரம் பேசினாள். முடிவான நிபந்தனைகள் இவை. விடுமுறைக்கு நீ வீட்டுக்கு வருகிறாய். வழிபாட்டு நேரத்தில் உன்னை யாரும் கூப்பிட மாட்டோம். நீ கூடத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். ஏன் வரவில்லை என்று நாளுக்கு ஒரு முறை நான் கேட்பேன். பதில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் கும்பிட்டு முடிக்கும்வரை நீ வாதம் பண்ணக்கூடாது. முடித்த பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பண்ணலாம், நான் எழுந்து போக மாட்டேன். நடுவர் அம்மா.

நானும் அவளும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. உனக்கு மறுப்பு இருந்தால் கடிதத்தில் எழுதாதே. நேரில் வந்து சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா