மாற்றி வாசித்த சொல்

தங்கச்சி,

இன்று காலை பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் ஒருவர் "வல்லம்! வல்லம்!" என்று கூவினார். டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டேன். பக்கத்து ஊரின் பெயர்தான், முப்பது வருடமாகக் கேட்கிற கூவல்தான். உன்னைத் தெரிந்த பிறகு அது எனக்கு வெறும் ஊர்ப்பெயராக இல்லை.

செஞ்சிக்கு நீ வந்த புதிது. தாலுகா ஆபீஸ் வாசலில், நான் மனு எழுதும் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். இதே கூவல் காதில் விழுந்ததும் எழுந்து ரோட்டுக்கு ஓடினாய். உங்கள் கடற்கரையில் வள்ளம் என்றால் படகு. "வள்ளம் வந்திருச்சா?" என்று கண்டக்டரிடம் கேட்டாய். "இன்னாம்மா, ஏறுறியா இல்லியா?" என்றார் அவர். திரும்பி வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்கிருங்கண்ணே, எழுதுங்க" என்றாய்.

உன் கதையை அன்றைக்குத்தான் சொன்னாய். ஜும்ஆ தொழுகை முடியாமல் உங்கள் கரையில் யாரும் வலை எடுக்க மாட்டார்களாம். அந்த வெள்ளியும் உன் மச்சான் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லித்தான் படகைத் தள்ளினார். கணவரை நீ மச்சான் என்றுதான் சொல்வாய். காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப்போன அவர் தம்பி நீந்திக் கரையேறினான். அவர் வரவில்லை. உடல் கிடைக்காவிட்டாலும் இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை நடத்தலாம் என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். கடலில் மூழ்கியவர் ஷஹீது, அவருக்குத் தியாகியின் மரணம் என்று ஆறுதலும் சொன்னார்கள்.

"ஷஹீதுன்னாலும் குழிக்குள்ள வைக்க ஒரு மையித்து வேணுமில்லண்ணே? கண்ணால பாக்காம நான் எப்படி மௌத்துன்னு சொல்றது?"

நீ சம்மதிக்கவில்லை. விடிந்தால் கரைக்குப் போய் நின்றாய். பார்க்கச் சகிக்காமல், இங்கே கட்டிக்கொடுத்திருந்த உன் தங்கை உன்னையும் மகளையும் கூட்டிவந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரரின் ரெடிமேட் கடைக்குத் துணி தைத்தாய். செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையைப் பார்த்து ஒருநாள், "கல்லு நல்லதுண்ணே, அசையாது" என்றாய்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது வருவாய். "காணாமல் போன என் கணவரைத் தேடித் தரும்படி" என்று எழுதுவேன். குர்ஆனை நீ தடங்கலில்லாமல் ஓதுவாய், ஆனால் தமிழ் எழுத்து உனக்குத் தெரியாது. எழுதியதை நான் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டுவிட்டு அரபு எழுத்தில் பெயரை எழுதுவாய். ஒருமுறை, அவருக்காக என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"ஸலாமத்துதாண்ணே கேப்பேன். நல்லபடியா திரும்பி வரணும்னு. மஃபிரத்து கேக்க மாட்டேன். அது, பாவத்தை மன்னிச்சிருன்னு மௌத்தானவங்களுக்குக் கேக்குறது."

ஏழு வருடம் கழிந்து, உன் மகள் தனியாக வந்தாள். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கான விடுதியில் சேர அப்பாவின் இறப்புச் சான்று கேட்டார்கள்.

"உம்மா ஒத்துக்க மாட்டாங்க மாமா. நீங்களே எழுதிடுங்க. அவங்களுக்கு வாசிக்கத் தெரியாதுல்ல?"

"அது தப்பும்மா" என்றேன்.

"வாப்பா வருவாரா மாமா? நீங்க சொல்லுங்க. வருவாருன்னா நான் படிக்கல."

உம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். மறுநாள் நீ மகளோடு வந்து உட்கார்ந்தாய். "இறந்துவிட்டதாகக் கருதி இறப்புச் சான்று வழங்கும்படி" என்று எழுதியிருந்தேன். "காணாமல் போனதற்குச் சான்று வழங்கும்படி" என்று வாசித்தேன். உன் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ வழக்கம்போல வலமிருந்து இடமாகப் பெயரை எழுதி, "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்ணே" என்றாய். அந்தப் பேனாவைப் பிடுங்கியிருக்கலாம் என்று இன்றும் தோன்றும். அடுத்த நொடியே, பிடுங்கியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்றும் தோன்றும்.

சான்று தபாலில் வந்தது. தங்கை வீட்டுக்காரர் விவரம் தெரியாமல் அதை உன் எதிரிலேயே உரக்கப் படித்துவிட்டார்.

மறுநாள் நீ வருவாய் என்று தெரியும். லீவு போட முடிகிற வேலையா இது? உட்கார்ந்திருந்தேன். வந்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன்.

"மகளுக்காகத்தாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே. அவ அழுதுட்டே சொல்லிட்டா." நின்றபடியே பேசினாய். "நீங்க எழுதுனத எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா கையெழுத்துப் போட்டது என் கைதானே. அவர நானே மையித்தாக்கிட்டேன். இன்னைக்கு சுபுஹு தொழுதுட்டு மஃபிரத்து கேட்டேண்ணே."

கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவை அன்றே தொடங்கினாய். நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. முடிந்ததும் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாய். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதை நான் தண்டனையாக எடுத்துக்கொள்வதா, சங்கடம் என்று எடுத்துக்கொள்வதா, இன்னும் தெரியவில்லை.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். "உம்மா மௌத்தாயிட்டாங்க மாமா" என்றாள். கரையோரப் பள்ளிவாசலில் அடக்கம் செய்தார்களாம். அவளே சொன்னாள்: "ஒவ்வொரு தொழுகையிலும் உங்க பேர் சொல்லி துஆ கேப்பாங்க மாமா." ஸலாமத்தா, மஃபிரத்தா என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது எது என்று உனக்குத் தெரியும்.

இப்போதும் அதே மேஜைதான். லாரி ஓட்டப் போய்த் திரும்பாதவனின் மனைவி வருகிறாள், வேலைக்குப் போய்த் தொலைந்துபோனவனின் அம்மா வருகிறாள். எழுதி முடித்ததும் "இறந்துவிட்டதாக" என்ற அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, மாற்றாமல், சத்தமாக வாசிக்கிறேன். சிலர் அழுதுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகிறவர்களை நான் கூப்பிடுவதில்லை, தங்கச்சி.