இடப்பக்க வெயில்

மார்ச் 3

போட்டோ ஸ்டுடியோவில் வசந்தகாலத்துக்கு இரண்டு பின்னணித் திரைகள். ஒன்று நான் வரைந்தது: எங்கள் தெருமுனை மரம், மின்கம்பிக்காக வெட்டிய கிளையில் முதல் தளிர், அடியில் சாய்த்துவைத்த துடைப்பம். மற்றது பட்டாம்பூச்சியுடையது. எதை வரைந்தாலும் ஓரத்தில் பட்டாம்பூச்சி வைக்கிற இன்னொரு ஓவியனுக்கு நான் இட்ட பெயர். குளம், அன்னம், ஊஞ்சல், ரோஜா நிறத்தில் பூ. வசந்தம் என்றாலே வேலைவெட்டி இல்லாதவர்களின் தோட்டம்தானா? உதிர்ந்த பூவைக் கூட்டுகிறவளை எவனாவது வரைந்தானா?

முதலாளியம்மா சொல்லிவிட்டார்: "சீசன் முடியட்டும். எது ஓடலையோ அதுக்கு வெள்ளை அடிச்சிடுவேன். வரைஞ்சவரும் கெளம்பலாம்."

மார்ச் 9

இன்றும் எல்லோருக்கும் குளம்தான்.

மார்ச் 17

என் அக்காவே குழந்தையோடு வந்து அவன் ஊஞ்சல் முன்னால் நின்றாள்.

"உன் திரையில நின்னா வெட்டி ஒட்டின மாதிரி இருக்குடா."

"உனக்கு ரசனை அவ்வளவுதான்."

"ஆமா, நீ ஒருத்தன்தான் அறிவாளி. நகரு, மறைக்குற."

பட்டாம்பூச்சி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மார்ச் 24

"விளக்கப் பாத்துட்டு வரைஞ்சிருக்கலாம்ல, தலைவரே?" என்றான் பட்டாம்பூச்சி.

தெருவில் காலை வெயில் இடப்பக்கம். அப்படியே வரைந்தேன், நிழல் உட்பட. ஸ்டுடியோ விளக்கு வலப்பக்கம். மரத்தின் நிழல் ஒரு பக்கம், ஆளின் நிழல் மறுபக்கம். உள்ளதை உள்ளபடி வரைகிறவன் என்று மார்தட்டிய நான், நிற்கிற அறையைப் பார்க்கவில்லை. அவன் பார்த்திருக்கிறான்.

திருத்துவதா? மாட்டேன் — அவன் சொல்லி நான் வெயிலைத் திருப்பணுமா?

ஏப்ரல் 2

பட்டாம்பூச்சி தன் அம்மாவை அழைத்துவந்தான். நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். தலையில் இப்போதுதான் முடி முளைக்கிறது. குளத்தின் முன் உட்கார மறுத்துவிட்டார்.

"அந்த மரத்துக்கிட்ட உக்காத்திவைடா. அதுக்கும் எனக்கும் ஒண்ணா முளைக்குது."

அவன் விளக்கைத் தூக்கி இடப்பக்கம் வைத்தான். அவ்வளவுதான். அது எனக்கு ஏன் தோணல?

ஏப்ரல் 20

சீசன் முடிந்தது. ஒரு படத்தால் எதுவும் மாறிவிடவில்லை. என் திரைக்கு வெள்ளை; அவனைத்தான் அடிக்கச் சொன்னார் முதலாளியம்மா. அதையும் என்னைவிடச் சீராக அடிக்கிறான், பாவி.

நான் கிளம்பும்போது ஓர் உறையை நீட்டினான். "அம்மா குடுக்கச் சொன்னாங்க."

உள்ளே இருந்த அந்தப் படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். என் மரம் இனி இந்தப் படத்தில் மட்டும்தான். நடுவில் அவன் அம்மா சிரிக்கிறார். வெயில் சரியாக விழுகிறது.