வலைக்கு அந்தப் பக்கம் பெர்சிஸ்

12.7.2005, செவ்வாய்
வேலூர் ஜெயிலுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. லாரி டிரைவர் என்றதும் ரத்தம் எடுத்தார்கள். இன்று கவுன்சலர் ஃபீபி மேடம் ரிசல்ட் சொன்னார். எச்.ஐ.வி. இருக்கிறதாம். எனக்கா? அடிதடி கேஸில் உள்ளே வந்தவனுக்கு இது வேறா?

"பயப்படாதீங்க கிருபா, வைத்தியம் இருக்கு. ஒய்ஃப் எப்படி இருக்காங்க?"

ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்றேன். அவர் முகமே மாறிவிட்டது.

"உடனே அவங்களும் டெஸ்ட் பண்ணணும். அவங்களுக்கு இருந்தாலும் குழந்தைக்கு வராம தடுக்கப் பாக்கலாம். நான் வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். ஜெயிலிலிருந்து ஆள் வந்தால் மாதனூரில் எங்கள் தெருவே கூடிவிடும். கடிதமும் முடியாது, வார்டர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். நானே சொல்கிறேன் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ!

13.7
எந்த ஊரில் வந்தது இது? கான்பூருக்குத் தோல் ஏற்றிப்போன வழியிலா? தட்டைத் தனியாக வைத்துக்கொண்டேன். தொட்டால் ஒட்டாது என்றார் மேடம். நம்புகிறேன். நம்பவும் இல்லை.

16.7, சனி
மனு நாள், வீட்டார் வந்து பார்க்கும் நாள். நடுவில் இரண்டு கம்பி வலை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் எங்கள் வீட்டார், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். என் மனைவி பெர்சிஸ், வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருந்தாள். இதைப் போய் எப்படிக் கத்துவது? பக்கத்திலேயே என் பிளாக் மஹபூப் பாஷா.

"வக்கீல் வந்தாரா?" என்று கேட்டேன். அவளும் எதையோ சொல்ல வந்து, "உடம்பு எப்படி இருக்குது?" என்றாள். நேரம் முடிந்துவிட்டது.

17.7
கோழைப் பயல் நான். வேறென்ன?

23.7, சனி
கத்திவிட்டேன். "பெர்சிஸ், எனக்கு எச்.ஐ.வி. இருக்குது! நீயும் டெஸ்ட் எடு!"

"எனக்கும் இருக்குதுங்க! செக்கப்ல சொன்னாங்க. போன வாரமே சொல்லத்தான் வந்தேன், இத்தினி பேர் நடுவுல எப்படிக் கத்தறது?"

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "என்னாலயா?"

"வேற யாரால?" அப்போதுதான் அழுதாள்.

பாஷா தன் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். போச்சு, இனி பிளாக் முழுக்கத் தெரியும் என்று நினைத்தேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணுங்கபா, அவங்க பேசட்டும்" என்றார். சத்தம் அடங்கியது. அவள் சாதாரணக் குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஆஸ்பத்திரியிலதான் பெத்துக்கணுமாம். வலி வந்ததும் மாத்திரை குடுப்பாங்களாம், குழந்தைக்கும் மருந்து குடுப்பாங்களாம். உங்க மேல கோவம் ஜாஸ்தி இருக்குது. அடுத்த வாரம் வர்றேன்."

திட்ட வருகிறாளா, என்னைப் பார்க்க வருகிறாளா? ஒன்றும் புரியவில்லை.

30.7, சனி
வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. குழந்தை உதைக்கிறதாம். எங்கே என்று கையை வைத்துக் காட்டினாள்.