தேங்காய் துருவும் பலகை

14 ஜூன் 2008, ஹேடோ

சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கார் நிக்கோபாரில் நான் வரைந்த வீடுகளில் சமையல் மேடை இடுப்புயரம். பெண்களோ உள்ளே தரையில் உட்கார இடமில்லாமல், வெளியே மழையில் உட்கார்ந்து பன்றிகளுக்குத் தேங்காய் துருவுகிறார்கள். தவறு என்னுடையது. அடுத்த வீடுகளுக்கான படத்தில் மேடையை எடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து துருவ ஒரு பலகையும் வரைந்து இன்று மீட்டிங்கில் வைத்தேன்.

இன்ஜினியர் சிரித்தார். "மேடம், நீங்க வீட்ட மட்டும் போடுங்க. பலகையெல்லாம் மர மிஸ்திரி பாத்துப்பான், சோடோ நா, விடுங்க."

"உக்காந்து துருவ எடமில்லாத வீட்ட இனிமே போட மாட்டேன் சார்."

"அப்ப வேற ஆர்க்கிடெக்ட்தான் பாக்கணும்."

பார்க்கட்டும். மேடை வைத்த படத்தில் என் கையெழுத்து விழாது.

பிளைவுட்டில் செய்த மாதிரிப் பலகையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கால் மரத்துவிட்டது. ஓர் அங்குலம் உயர்த்த வேண்டும்.