பத்து அங்குலத்துக்குக் கீழே

மார்ச் 9, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாள். என் புருஷன் வெர்ல் அதை மறந்துவிட்டு ஏரிக்குப் போனான். அரசாங்கம் நேரத்தை மாற்றியதால்தான் மீன் வரவில்லை என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தான். ஐஸ் பெட்டியில் ஐஸ் மட்டும் பத்திரமாக இருந்தது.

நேற்று மீன் வராததற்குக் காரணம் நீர்க்காகம். முந்தாநாள், செயின்ட் லூயிஸிலிருந்து வந்து தண்ணீருக்கடியில் மீன் நிற்பதைத் திரையில் பார்த்துப் பிடிக்கிற பையன்கள். போன வாரம் நீர்நாய். இந்த மிசௌரி மாநிலத்தில் என் புருஷனின் தூண்டிலைத் தவிர மற்ற எல்லாமே குற்றவாளிதான்.

நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் பாதி இந்த கோல்டர் ஏரிக்கரையில் போயிருக்கிறது. வந்ததே கிராப்பி மீனுக்காக. எனக்காக வந்தோம் என்று யாராவது சொன்னால் கைகொட்டிச் சிரிப்பேன். ஏரியும் அரசாங்கம் வெட்டியது, மீனும் அரசாங்கம் விட்டது, ஆனால் வெர்ல் பேசுவதைக் கேட்டால் இரண்டையும் அவனே பெற்று வளர்த்த மாதிரி இருக்கும்.

தேவாலயத்துக்கும் தாமதம். பாடற்குழுவில் கடைசிப் பாட்டுக்குத்தான் வாயைத் திறந்தேன்.

மார்ச் 15

காலையில் காபிக்கடையில் கிழவர் கூட்டம். வெர்ல், டெல்மர் ஓட்ஸ், இன்னும் நாலைந்து பேர். பத்து அங்குலத்துக்குக் கீழே இருக்கிற கிராப்பியை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்பது இவர்கள் போட்ட சட்டம். அரசாங்கச் சட்டம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்பதே முக்கால் அங்குலத்தை எடுத்து வந்த பாவத்துக்காக ஒருத்தனை மூன்று வருஷம் "தொட்டில் திருடன்" என்று கூப்பிட்டார்கள். அவன் கடைசியில் கெளுத்தி பிடிக்கப் போய்விட்டான்.

சின்னது மாட்டினால் வெர்ல் அதை முள்ளிலிருந்து மெதுவாக எடுத்து, "போய்ப் பெருசாகி வாடா கண்ணு" என்று சொல்லித் தண்ணீரில் விடுவான். மகள் ஷாரியைப் பள்ளிக்கூடத்தில் விட்டபோதுகூட இவ்வளவு கொஞ்சியதில்லை.

மார்ச் 22

இதை எழுதாமல் படுக்க முடியாது.

சாப்பாட்டு மேஜையில், உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே சொல்கிறான்: "ஷாரிகிட்ட பேசிட்டேன். மே மாசக் கடைசி, மெமோரியல் டேக்குள்ள பத்து அங்குலத்துல ஒரு பெட்டி மீன் வரலைன்னா வீட்டை வித்துட்டு ஃபீனிக்ஸ் போயிடலாம்."

பேசிட்டேனாம். மகளிடம் பேசிவிட்டான். வீடு விற்றுத் தரும் பெண்ணிடமும் பேசிவிட்டான். என்னிடம்தான் கடைசியாக, உப்பை நகர்த்தச் சொல்வது போல.

ஃபீனிக்ஸில் எனக்கு என்ன இருக்கிறது? வெயில். ஷாரி வீட்டுப் பின்னால் கூழாங்கல் கொட்டின முற்றம். இங்கே காலையில் படகுத்துறையில் காபியோடு உட்கார்ந்தால் எதிர்க்கரையிலிருந்து என் சிநேகிதி ட்ரூடி கை காட்டுவாள், கொஞ்ச நேரத்தில் படகை ஓட்டிக்கொண்டு வந்தும் விடுவாள். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போகப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு மீனுக்கு நீளம் போதவில்லை என்பதற்காக நான் ஏன் போகணும்?

மார்ச் 23

அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 5

கரையோர மரங்களிலெல்லாம் இளஞ்சிவப்பு மொட்டு. இது பூத்தால் கிராப்பி முட்டை போடக் கரையோரம் வரும் என்று அர்த்தம். ஏரியில் படகுக்கு மேல் படகு. மாலையில் படகுத்துறையில் எல்லாரும் ஒருவர் பெட்டியை ஒருவர் எட்டிப் பார்ப்பதும், மூடியை அழுத்திக்கொண்டு பேசுவதும்.

வெர்லுக்கு இரண்டு. இரண்டும் தேறாமல் ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தான். வந்ததும் தன் கிறிஸ்துமஸ் மரங்களை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று புலம்பல். அது ஒரு தனிக் கூத்து. ஒவ்வொரு ஜனவரியும் தெருவில் போட்ட மரங்களையெல்லாம் வண்டியில் அள்ளி வந்து, சிமெண்ட் கல்லைக் கட்டி, யாரும் பார்க்காத நேரத்தில் ஏரியில் இறக்குவான். மீன் அண்டி நிற்குமாம். எங்கே இறக்கினான் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. டெல்மரும் அதையே செய்கிறான், மற்றவர்களும் அதையே செய்கிறார்கள், ஒருவர் இடம் ஒருவருக்குத் தெரியாதென்று எல்லாரும் நம்புகிறார்கள்.

ஏப்ரல் 12

இன்று ஒன்று நடந்தது. நிதானமாக எழுதுகிறேன்.

மீன்வளத் துறையிலிருந்து கெல்சி என்ற பெண் வந்தாள். ஏரியில் என்ன மீன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நேற்றே வலை போட்டிருந்தாளாம். ஒரு வலை எங்கள் படகுத்துறைக்குப் பக்கத்தில். வெர்ல் வேண்டுமென்றே டெல்மர் வீட்டுக்குப் போய்விட்டான். அரசாங்க ஆளைப் பார்த்தால் அவனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். நான் காபி எடுத்துக்கொண்டு போனேன்.

வலையைத் தூக்க அவளோடு நானும் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கனம்! அத்தனையும் கிராப்பி. வெள்ளி வெள்ளியாகத் துள்ளுகிறது. எல்லாம் என் கை அகலம்.

"இத்தனை குஞ்சா!" என்றேன்.

"குஞ்சு இல்ல மேடம்," என்றாள். ஒன்றின் தலையைப் பிளந்து, காதுக்குள்ளிருந்து அரிசி நொய் மாதிரி ஒரு கல்லை எடுத்து உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தாள். மரத்தில் இருப்பது போல வளையம். "எண்ணிப் பாருங்க. அஞ்சு வயசு. கிராப்பிக்கு இது கிழட்டு வயசு. இதுக்கு மேல இது வளராது."

"ஏன்?"

"ஏரியில மீன் இல்லன்னு யாரு சொன்னா? மீன் எக்கச்சக்கமா இருக்கு. எல்லாத்துக்கும் போதுமான தீனிதான் இல்ல. பெருசை மட்டும் எடுத்துட்டு சின்னதை எல்லாம் திருப்பி விட்டுக்கிட்டே இருந்தா வேற என்ன ஆகும்? போதாததுக்கு யாரோ தண்ணிக்குள்ள மரமா இறக்கி வச்சிருக்காங்க. குஞ்சு ஒளிஞ்சு பிழைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"சின்னதைப் பிடிச்சுச் சாப்பிடுங்க மேடம். ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது வரைக்கும் எடுக்கலாம். கொஞ்ச வருஷம் எல்லாரும் செஞ்சா மீதி மீன் பெருசாகும்."

வெர்ல் இத்தனை வருஷமாக "பெருசாகி வாடா கண்ணு" என்று கொஞ்சி அனுப்பியதெல்லாம் கிழங்கள்! சிரிப்பு அடக்க முடியவில்லை. கெல்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஏப்ரல் 13

சொன்னேன். வெர்லிடம் சிரிக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"படிச்ச பொண்ணு. ஏரியைப் புத்தகத்துல பார்த்திருப்பா," என்றான். பிறகு கொட்டகைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த படகை இன்னொரு தடவை கழுவினான்.

ஏப்ரல் 19

நானும் ட்ரூடியும் மீன் பிடித்தோம்.

எங்கள் துறையிலேயே உட்கார்ந்து. அறுபத்தைந்து தாண்டினவர்களுக்கு உரிமச் சீட்டு வேண்டாமாம். கிழவியானதில் கிடைத்த முதல் லாபம். ஏரிக்கரையில் இத்தனை வருஷம் இருந்தும் நான் தூண்டிலைத் தொட்டதில்லை, அது வெர்லின் சாம்ராஜ்யம். முதல் மீன் கடித்தபோது கையில் ஒரு துடிப்பு வந்தது. "ஐயோ இழுக்குது, இழுக்குது!" என்று கத்தினேன். "பின்ன, முத்தமா குடுக்கும்? தூக்குடி!" என்றாள் ட்ரூடி.

வாளி நிறைந்தது. செதில் எடுத்து, தலையைத் தள்ளி, சோளமாவில் புரட்டி முழுசாகப் பொரித்தோம். வால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கடவுளே, என்ன ருசி. பெரிய மீனை இவர்கள் சீவிச் சீவிப் பொரிக்கும்போது இந்த ருசி எங்கே போயிருந்தது?

வெர்ல் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டான். துக்க வீட்டுக்காரன் மாதிரி.

ஏப்ரல் 26

காபிக்கடையில் முட்டையும் விற்கிறார்கள். அதை வாங்கப் போனது என் தப்பு.

நான் நுழைந்ததும் டெல்மர் ஆரம்பித்தான். "வெர்ல், பிள்ளைங்களைக் கதவைச் சாத்தி உள்ள வைக்கச் சொல்லணும்டா. உன் பொண்டாட்டி வாளியோட வந்துட்டா, பிள்ளை பிடிக்கிறவ!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல கிண்டல்தான். ஆனால் வெர்லும் சிரித்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து. அது எனக்கு வலித்தது. வீட்டுக்கு வந்து முட்டையை வைக்கும்போது ஒன்றை உடைத்துவிட்டேன்.

மே 4

வெடித்துவிட்டது.

நான்தான் தொடங்கினேன். அந்த மேஜைல எனக்காக ஒரு வார்த்தை பேச உனக்கு வாய் வரலையா என்று கேட்டேன். அவன் பதிலுக்கு, என்னால் தனக்கு ஊரில் தலை காட்ட முடியவில்லை என்றான். நான் சொன்னேன், "ஃபீனிக்ஸ் போறதுன்னா நீ போ. நான் வரல. நானும் ட்ரூடியும் இங்க மீன் பொரிச்சுத் தின்னுட்டுக் கிடப்போம்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் காபிக்கடைல தினமும் வெறும் பெட்டியோட உட்கார முடியலடி," என்றான். பிறகு, "இப்ப அந்தப் பொண்ணு சொல்றது நிஜம்னா, பெட்டி காலியானதுக்குக் காரணமே நாங்கதான். அத்தனை ஜனவரி... முதுகு ஒடிய அந்த மரத்தையெல்லாம் தூக்கினேன், நடீன்."

பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இத்தனை வயசுக்கு மேல் தெரிகிறது.

மே 10

என் படிக்கிற கண்ணாடியில் மீன் நாற்றம். கொட்டகையில் போய்ப் பார்த்தால், ஒரு சின்னக் கிராப்பி தலை பிளந்து கிடக்கிறது, பக்கத்தில் அவன் பேனாக்கத்தி. அவனும் வளையம் எண்ணியிருக்கிறான். கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன்.

மே 16

ஆனாலும் விற்பனைப் பலகை நட்டாகிவிட்டது. கொடுத்த வாக்கு என்கிறான். எனக்குக் கொடுத்த வாக்கு இல்லை அது, அந்த வீட்டுத் தரகுக்காரிக்குக் கொடுத்தது. அவள் வந்து என் திரைச்சீலையை மாற்றச் சொன்னாள், சமையலறையில் மீன் வாசனை கூடாது என்றாள். வருபவர்களிடம் ஏரியைப் பற்றி "நல்லபடியா" பேசச் சொல்லிவிட்டுப் போனாள்.

மே 24, சனி

மெமோரியல் டே வாரக்கடைசி. பத்து அங்குலத்தில் வெர்லுக்குக் கிடைத்தது மொத்தம் ஒன்று.

வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். பெண்ணுக்குச் சமையலறை பிடித்துவிட்டது. என் சமையலறை. அவள் அலமாரியைத் திறந்து திறந்து மூடியபோது அவள் விரல் கதவில் நசுங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். (மன்னிப்பு நாளைக்குத் தேவாலயத்தில் கேட்டுக்கொள்ளலாம்.) புருஷன்காரன் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறானாம். படகுத்துறையைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. வாங்குகிற முகம்.

"கிராப்பி எப்படிங்க இங்க?" என்று வெர்லைக் கேட்டான்.

தரகுக்காரி புன்னகைத்தாள். நான் எலுமிச்சைச் சாற்றுத் தட்டோடு நின்றேன். மீனைப் பற்றி நாற்பது வருஷமாக ஒரு உண்மை பேசாத வாய் அது. எனக்குத் தெரியும், இப்போது "அள்ள அள்ள வரும்" என்பான். வீடு போய்விடும்.

வெர்ல் அவனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சுத்த மோசம்," என்றான்.

"சும்மா சொல்றீங்க."

"உங்க கையை நீட்டுங்க. இந்த அகலம். இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. பார்க்கக் குஞ்சு மாதிரி இருக்கும், எல்லாம் கிழடு. பெருசை எல்லாம் நாங்க தின்னு தீர்த்துட்டோம், மீதியைப் பட்டினி போட்டுட்டோம். இது சரியாக அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் உட்கார்ந்து இந்தச் சின்னதைத் தின்னே தீர்க்கணும். உங்களை மாதிரி புதுசா வர்றவருக்கு என்ன தலையெழுத்து? கெடுத்தவன்தான் தின்னணும்."

தரகுக்காரியின் புன்னகை அப்படியே நின்றது. அவர்கள் எலுமிச்சைச் சாற்றைக்கூடக் குடிக்காமல் போனார்கள். தரகுக்காரி காரில் ஏறும்போது எங்களிடம் விடைபெறவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் துறையில் உட்கார்ந்து நாலு டம்ளரையும் காலி செய்தோம். "பொய் சொல்லிருந்தா வித்துருக்கலாம்," என்றேன். "ம்," என்றான். நான் அழுதேன். அவன் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நீர்க்காகத்தைத் திட்டினான்.

மே 31

அவன் படகு. அவன் ரகசிய இடம். என்னைக் கூட்டிப் போனான்! யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். ட்ரூடியிடம் சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம். ஷாரி கூப்பிட்டாள், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். வெர்ல், "கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் வர்றோம். இப்ப வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்தான். வேலை என்றால் செதில் எடுப்பது. கரண்டியால் எடுக்கிறான், என்னைவிட வேகமாக, சுவரெல்லாம் தெறிக்கத் தெறிக்க.

சாயங்காலம் சமையலறைக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். டெல்மர். கையில் வாளி, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது.

"நடீன், சும்மா ஒண்ணு கேக்கணும். இதை நீ எந்த மாவுல புரட்டுற?"

வெர்ல் தலையைத் தூக்காமல், "முன்வாசல் வழியா வர வேண்டியதுதானடா. பலகையைப் பிடுங்கியாச்சு, பார்க்கல?" என்றான்.

டெல்மர் துண்டை எடுத்தான். உள்ளதிலேயே பெரியதைத் தூக்கிப் பிடித்தான். என் உள்ளங்கைக்கு மேல் இருக்காது.

"ஒம்பதரை அங்குலம் இருக்கும்," என்றான்.

வெர்ல் கரண்டியை வைத்துவிட்டு, என் படிக்கிற கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தாராளமா இருக்கும்," என்றான்.

நான் சோளமாவை எடுத்து வந்தேன்.