மூன்றரை மணி வித்தியாசம்

திங்கள், செப். 15

காலையிலிருந்து தூறல். இரண்டு சூட்கேஸ் நிறைய ஊத்தை உடுப்பு. வெள்ளையை மெஷினில் போட்டாயிற்று. கறுப்பு இன்னும் தரையில்.

அப்பா இல்லை. போன செவ்வாயிலிருந்து இல்லை. எனக்கு மட்டும் நேற்று மாலை ஆறேகாலிலிருந்து.

ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வதுதான் நிற்கும்.

பதினெட்டு நாள். ஆம்ஸ்டர்டாம், கொலோன், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், சூரிச், பாரிஸ். கலியாணம் கட்டி மூன்று வருடம் கழித்து, நானும் சுதனும் போன முதல் பயணம். நேற்றுப் பாரிஸிலிருந்து ரயில், லண்டன் சென்ட் பாங்க்ராஸ், பிறகு ட்யூப், கோலியர்ஸ் வுட், வீடு. சூட்கேஸை வாசலிலேயே விட்டுவிட்டு சுதன் குசினிக்குள் போனார். ஃப்ரீசரில் இருந்த புட்டு. முட்டை பொரித்தார். எனக்கு மட்டும்.

"என்ன, பசியில்லையோ?"

"நீர் சாப்பிடும்."

இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார்.

செவ்வாய் பின்னேரம் நித்திரையால் எழும்பித் தேத்தண்ணி கேட்டாராம். அம்மா கொண்டு வருமுன் முடிந்துவிட்டதாம். அன்றிரவே அண்ணா இங்கே மிச்சம் பகுதியிலிருந்து வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்குப் போய்க் கொள்ளி வைத்தார். வியாழக்கிழமை எடுத்தாயிற்று.

நான் கேட்ட முதல் கேள்வி: "அப்ப ஏன் எனக்குச் சாப்பாடு தந்தனீங்கள்?"

"சாப்பிடக் குடுத்திட்டுச் சொல்லு எண்டு அண்ணை சொன்னவர்."

அழுகை வரவில்லை. புட்டு வந்தது. சத்தி.

வேலைக்கு ஈமெயில். ஒரு கிழமை லீவு. காரணம்: தகப்பனார் மரணம். "எப்போது?" என்று பதில் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் எழுதவில்லை.


செவ்வாய், செப். 16

எட்டுச் செலவு, அப்பாவின் எட்டாம் நாள் படையல். கிங்ஸ்பரி, சித்தப்பா வீட்டில். ட்யூபில் ஒன்றேகால் மணித்தியாலம், சுதன் எதிர் சீட்டில். பக்கத்தில் இடம் இருந்தது. வரவில்லை.

அப்பாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை. அவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும். இறால் பொரியல், கணவாய், முட்டை, வடை, கோழி. ஓரத்தில் ஒரு சின்ன விஸ்கிப் போத்தல்.

"சித்தப்பா, அப்பா குடிக்கிறேல்ல எல்லே?"

"எல்லாரும் வைக்கிறவை, மகள். இருந்திட்டுப் போகட்டும்."

அப்பாவுக்குப் பிடித்தது கிறீம் க்ராக்கரும் பிளேன் டீயும். சித்தியிடம் கேட்டு வாங்கி வைத்தேன். ஆறிய தேத்தண்ணி அவர் தொடமாட்டார். இரண்டு தரம் சூடாக்கினேன். 

துடக்கை, செத்தவீட்டுத் தீட்டைப் பற்றிச் சித்தி: "கலியாணம் கட்டின பிள்ளைக்கு மூண்டு நாள்தான். உனக்கு முடிஞ்சுது."

எனக்கு முடிந்துவிட்டது. தொடங்கியதே தெரியாது.

சாப்பாட்டுக்கு நாற்பது பேர் வரை. மாடிப்படியில் இருந்தேன், கீழே கேட்டது:

"பாவம், அவளுக்கு ஒண்டும் தெரியாது. வீடு வந்துதான் சொன்னதாம்."

"அஞ்சு நாளோ? அந்தப் பொடியன் எப்பிடி மூடி வைச்சவன்?"

"நல்ல வேலை செய்தனீர், தம்பி. அங்கை வைச்சுச் சொல்லியிருந்தா அந்தரப்பட்டுப் போயிருப்பா."

சுதனின் குரல் கேட்கவில்லை.

என் முதுகைத் தடவிவிட்டு ஒரு மாமி, பெயர் தெரியாது: "ட்ரிப் சந்தோசமோ பிள்ளை?" கேட்டபிறகுதான் அவவுக்கே உறைத்தது. வாயை மூடினா. பிறகு சமாளிக்கிற மாதிரி: "பாரிசிலை லாச்சப்பல் கடையள் பக்கம் போனனீங்களோ? சீலை மலிவு."

"போனனாங்கள் மாமி."

"எடுத்தனீரோ?"

"ஓம். சிவப்பு."

உண்மை. சனிக்கிழமை எடுத்தேன். சுதன் பிடித்துக்கொண்டு நின்றார்.


புதன், செப். 17

வெயில். உடுப்பு காய்ந்துவிட்டது. மடிக்கவில்லை.

மணிக்கூடுகளைப் பற்றி எழுத வேண்டும்.

அப்பா ஸ்டேஷன் மாஸ்ரர். தொண்ணூறில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. மிச்சக் காலம் கச்சேரியில், அரசாங்க ஃபைலுக்கு நடுவில். தண்டவாளம் திரும்பப் போட்டபோது அவர் பென்ஷன் எடுத்து இரண்டு வருடம். பயணம் போகிறோம் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் ஸ்டேஷன் மணிக்கூட்டைப் படம் எடுத்து அனுப்பு, நேரம் சரியோ என்று பார்க்கிறேன்.

வட்ஸப்பிலிருந்து, அப்படியே:

ஆம்ஸ்டர்டாம், 11.05. அப்பா: "11.05. சரி."

கொலோன், 2.31. அப்பா: "கண்ணாடியில வெளிச்சம். சின்ன முள்ளு தெரியேல்ல. திரும்ப எடு."

கொலோன், 2.38. அப்பா: "2.38. சரி."

பிராக், 9.17. அப்பா: "ஒரு நிமிசம் பிந்தி. ஸ்டேஷனுக்கு அது கூடாது."

வியன்னா, 12.52. பதில்: "வடிவு."

புடாபெஸ்ட், 6.12. பதில்: "வடிவு பிள்ளை."

சூரிச், 7.20. பதில்: "வடிவு. கவனம்."

பாரிஸ், 1.25. பதில்: "வடிவு பிள்ளை."

அப்பா போனது ஊரில் நாலு பத்துக்கு. எங்களுக்கும் அவருக்கும் மூன்றரை மணி வித்தியாசம். வியன்னாவில் பன்னிரண்டு நாற்பது. படத்தில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிடம் பிந்தி அனுப்பியிருக்கிறேன்.

அப்பா ஒரு மணிக்கூட்டைப் பார்த்து வடிவு என்று சொல்லமாட்டார். என்னைப் பிள்ளை என்று கூப்பிடமாட்டார். மகள் என்பார். பிள்ளை அம்மாவின் சொல்.

இதைச் சூரிச்சிலேயே கண்டேன். போனைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது ஞாபகம். களைப்பாக்கும் என்று நினைத்தேன். போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். ட்ராம் வந்தது, ஏறினேன்.

இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

பின்னேரம் அண்ணா ஊரிலிருந்து போன் எடுத்தார்.

"என்னோட கோவமோ?"

"ஏன் சொல்லேல்ல?"

"ரெண்டுதரம் மறுத்து மூண்டாந்தரம் கிடைச்ச விசா, வதனி. எல்லாம் புக் பண்ணி. இடையிலை வந்தா எல்லாம் பாழ். அப்பாவே விரும்பியிருக்கமாட்டார்."

"எங்கடை வீட்டை வர எனக்கு விசா தேவையில்லை, அண்ணா."

பின்னால் காகம் கத்திக் கேட்டது. எங்கள் முற்றத்துக் காகம்.

"சுதன் சொல்லப்போறன் எண்டுதான் நிண்டவன்," என்றார். "நான்தான் விடேல்ல. அவனோட கோவிக்காத."

வியன்னாவிலிருந்து செவ்வாய் மாலை கொழும்புக்கு வழி இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது.


வியாழன், செப். 18

பயணப் படங்கள், அறுநூற்றுச் சொச்சம். எந்தப் படத்திலிருந்து அவருக்குத் தெரியும்?

வியன்னா, கோப்பிக் கடை, செவ்வாய் ஒன்றரை. அவருக்கு ஒரு போன் கோல் வந்தது. வெளியே போனார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், முதுகு மட்டும். வந்து, "ஒஃபிஸ். லீவு விஷயம்" என்றார். எனக்கு இரண்டாவது கேக் சொன்னார். நான் கேட்கவில்லை. அந்தக் கேக்கைப் படம் எடுத்திருக்கிறேன். மூலையில் அவருடைய கை. மேசை விளிம்பைப் பிடித்தபடி.

அதற்குப் பிறகு:

மச்சம், மீன் இறைச்சி ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார்.

புடாபெஸ்ட்டில் நான் மீன் சூப் சொன்னபோது, "வேண்டாம், மரக்கறி எடும்." ஏன் என்றேன். "வாசம்." நான் மீன்தான் எடுத்தேன்.

என் போனை அடிக்கடி வாங்கினார். "நான் எடுக்கிறன், நீர் நில்லும்." ஃபேஸ்புக்கை அப்போதுதான் அழித்திருக்க வேண்டும். சார்ஜ் போகிறதென்றார்.

எல்லாப் படத்திலும் நான் சிரிக்கிறேன். பல் தெரிய. பின்னால் ஆறு, பாலம், சிலை.

இன்று முழுக்க அவருடன் பேச்சில்லை. அவர் வேலைக்குப் போய் வந்தார். மேசையில் எனக்குச் சாப்பிடப் பாண் வைத்துவிட்டுப் போனார்.


வெள்ளி, செப். 19

காற்று. பக்கத்து வீட்டு வேலி ஆடுகிறது.

செத்தவீட்டு வீடியோ பார்த்தேன். லைவ் போட்டிருக்கிறார்கள், மூன்று மணித்தியாலம். லிங்க் சித்தப்பா அனுப்பினார்.

அப்பா சின்னதாகத் தெரிகிறார். நஷனல் சட்டை போட்டிருக்கிறார்கள், அவர் விரும்பாத காலர். சுவரில் அவருடைய மணிக்கூடு, கமராவுக்கு நேரே. அது ஒருநாளும் நேரம் பிழைக்காது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மிச்சத்தையும் பார்த்தேன்.

அந்த மணிக்கூட்டில் 1.20. அம்மா பெட்டிக்குப் பக்கத்தில். சுற்றிவர எல்லோரும் ஒப்பாரி. அம்மாவின் மடியில் அப்பாவின் போன். வெளிச்சம் வருகிறது. எடுக்கிறா. முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிறா. ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக.

புடாபெஸ்ட் மணிக்கூடு அது. முதல்நாள் எடுத்ததை அனுப்ப மறந்து, வியாழன் காலைச் சாப்பாட்டு மேசையில்தான் அனுப்பினேன். "வடிவு பிள்ளை." பெட்டிக்குப் பக்கத்திலிருந்து.

2.07. பிரேதம் வாசல் படலை தாண்டுகிறது. ஆம்பிளைகள் போகிறார்கள். பொம்பிளைகள் கிணற்றடிக்கு, தலை முழுகித் தோய. கமரா வெறும் முற்றத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. யாரோ, "ஓஃப் பண்ணடா."


சனி, செப். 20

அம்மாவோடு கதைத்தேன்.

"அம்மா, அப்பான்ரை போனிலை எழுதினது நீங்களோ?"

"ஓம் பிள்ளை. ஒண்டும் வராட்டி நீ பயந்திடுவாய்."

"அப்பா நேரம் எல்லே எழுதுறவர்."

"தெரியும். எனக்கு முள்ளுத் தெரியேல்ல பிள்ளை. கண்ணாடி போட்டும் தெரியேல்ல." பிறகு, மெதுவாக: "உனக்கு விளங்கேல்லையே?"

"இல்லை," என்றேன்.

அம்மாவுக்குச் சொன்ன பொய். அவவும் எனக்கு ஐந்து நாள் சொன்னா. சரிக்குச் சரி இல்லை.

அக்டோபர் ஒன்பது, முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. கீரிமலைத் தீர்த்தக்கரையில். போக வேண்டும். குசினி வாசலில் நின்று சுதனிடம் சொன்னேன்.

"நானும் வாறன்."

"தனியப் போறன்."

"ஓம்," என்றார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தொடர்ந்து வெட்டினார். பிறகு வந்து பார்த்தால், கறி வைக்கவில்லை. வெட்டின வெங்காயம் மட்டும், ஒரு கோப்பை நிறைய.


ஞாயிறு, செப். 21

குளிர் தொடங்கிவிட்டது. ஹீட்டர் போடுவதா வேண்டாமா என்று யோசனை.

காலை, புடாபெஸ்ட் படங்கள் திரும்ப. வியாழன் 10.50: நான், தலை நனைந்து, முகத்தில் கோவம். பயணத்தில் நாங்கள் பிடித்த ஒரே சண்டை.

சுடுதண்ணிக் குளியல் மண்டபம். மஞ்சள் சுவர், ஆவி, கிழவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று செஸ் விளையாடுகிறார்கள். சுதன் போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சரியான டூரிஸ்ட் என்று பகிடி பண்ணினேன். நான் அன்று காலைதான் தலைமயிர் ஸ்ட்ரெயிட் பண்ணியிருந்தேன். நனைக்கமாட்டேன் என்று கழுத்தளவில் நின்றேன்.

திடீரென்று: "முழுகும்."

"என்னது?"

"தலையை ஒருக்கா முழுகும், வதனி."

"இதென்ன கீரிமலையே?"

சிரிக்கவில்லை. கையைப் பிடித்தார். நோகப் பிடித்தார். "ஒரேயொருக்கா. கேட்டதுக்கு ஒருக்காச் செய்யும்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் முழுகினேன். நான் எழும்பியபோது அவரும் முழுகி எழும்பினார். மூன்று தரம். அன்று மத்தியானம் வரை நான் கதைக்கவில்லை.

பத்து மணிக்கு அவர் தேத்தண்ணி கொண்டுவந்தபோது படத்தைக் காட்டினேன்.

"உங்கடை கழுத்திலை தொங்கின போனிலை என்ன இருந்தது?"

தேத்தண்ணியை வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"லைவ். சத்தத்தை நிப்பாட்டிப் போட்டுப் பாத்துக்கொண்டிருந்தனான். மாமாவைப் படலையாலை கொண்டுபோகேக்கை... நீரும் தோய வேணும் எல்லே. எனக்கு வேற ஒண்டும் தெரியேல்ல."

என் அப்பா அவர் கழுத்தில் தொங்கியிருக்கிறார். நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

"சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"அங்கையே, தண்ணிக்குள்ளை நிண்டு சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லியிருக்க வேணும்."

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பேன்.

"அப்ப எத்தினை மணி?" என்று கேட்டேன்.

"சுவரிலை பெரிய மணிக்கூடு இருந்தது. பத்து முப்பத்தஞ்சு." யோசித்தார். "அது ரெண்டு நிமிசம் பிந்தி. போனோட பாத்தனான்."

பத்து முப்பத்தேழு. மூன்றரை கூட்டினால் ஊரில் இரண்டு ஏழு, வீடியோவில் படலை தாண்டிய நேரம்.

தேத்தண்ணி ஆறிவிட்டது. அப்படியே குடித்தேன்.

ஊருக்கு இரண்டு டிக்கெட் பார்க்கச் சொன்னேன். பக்கத்துப் பக்கத்து சீட் வேண்டாம் என்றும் சொன்னேன். சரி என்றார்.

விடுபட்டது ஒன்று, இங்கே எழுதி வைக்கிறேன்:

புடாபெஸ்ட், குளியல் மண்டபம், 10.35. ரெண்டு நிமிசம் பிந்தி.