கேள்வி எண் எண்பத்தெட்டு

மே 19

அன்புள்ள ஹேசல் அக்கா,

நலமா? இங்கே நம் ஆங்கிலப் பேச்சுக் குழுவில் பதினோரு பேரும் நலம். கோபமாக, ஆனால் நலம். நம் நூலக அறைக்குள் யாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடக் கூடாது என்று விதி போட்டதே நீங்கள்தான். ஆனால் கடிதம் அறைக்கு வெளியேதானே இருக்கிறது, அதனால் கூப்பிடுவேன். நாற்பத்தொரு செய்தி அனுப்பினேன், ஒன்றைக்கூட நீங்கள் திறக்கவில்லை. அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அஞ்சல்தலை வாங்கியிருக்கிறேன். எந்த மூலையில் ஒட்ட வேண்டும் என்று தபால் நிலையத்தில் கேட்டேன். அங்கிருந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள்.

போன சனிக்கிழமை மேங் சார் அறைக்கு வந்தார். நீங்கள் நியூசிலாந்து போன பிறகு நூலகத்துக்கு வந்த புது அதிகாரி அவர். கைபேசியை எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாருங்க, உங்க தலைவியே ஒத்துக்கிட்டாங்க. படிவத்தை அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு எழுதியிருக்காங்க. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார். குழு இன்னும் உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால், நூலகம் கொடுத்த இருபது தலைப்புகளைத் தவிர வேறெதையும் நாங்கள் பேச முடியாது. போடாவிட்டால் ஜூன் கடைசியோடு மூன்றாம் மாடி அறை போய்விடும். எங்களுக்கு அறை நிலைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டிருப்பீர்கள். தெரியும். ஆனாலும் போடாதீர்கள்.

அந்த இருபது தலைப்பையும் நீங்கள் பார்க்க வேண்டும். வானிலை. எனக்குப் பிடித்த உணவு. என் பொழுதுபோக்கு. நான்கு பருவங்கள். என் செல்லப் பிராணி. அக்கா, நாங்கள் மேல்நிலைக் குழு! பழைய வீடியோ கேம்களை வேகமாக முடித்துக் காட்டுகிறவர்களின் நேரலையில், அரட்டைப் பெட்டியில் முகம் தெரியாதவர்களோடு சண்டை போட்டு ஆங்கிலம் கற்றுக்கொண்டவள் நான். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவள். முதல் நாள் உங்கள் அறைக்கு வந்தபோது நீங்கள் கேட்ட கேள்வி, "மன்னிப்புக் கேட்க வேண்டியவர் மன்னிப்புக் கேட்காமலே செத்துப்போனால் கோபத்தை என்ன செய்வது?" அன்றைக்கு வீட்டுக்குப் பேருந்தில் போகவில்லை, நடந்தே போனேன். அவ்வளவு பேச்சு உள்ளே மிச்சம் இருந்தது. என்னைப் போய் இப்போது நான்கு பருவங்களைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று மேங் சார் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் சொல்கிறேன், தப்பு என்னுடையது. மார்ச் மாதம் தலைப்புக் கொடுக்கிற முறை எனக்கு வந்தது. நீங்கள் விட்டுப்போன நோட்டிலிருந்து, இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளில், எண்பத்தெட்டாவதை எடுத்தேன். "மேலதிகாரி இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உன் வேலை முடிந்துவிட்டது. நீ வீட்டுக்குப் போகலாமா?" வழக்கம்போல அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அதற்கு நேர் எதிரே மேங் சாரின் மேசை. அவர் சாயங்காலம் ஏழரை வரை இடத்தை விட்டு எழுந்திருக்காத ஆள். அவர் எழாமல் அங்கே ஒருவரும் எழ மாட்டார்கள். இரண்டு ஊழியர்கள் தாளைப் படித்துச் சிரித்துவிட்டார்கள். தனக்காகவே எழுதி ஒட்டினோம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அவர் இந்த நூலகத்துக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே எழுதிய கேள்வி என்று நோட்டைக் காட்டினேன். "அப்ப எதுக்குமா இன்னைக்குப் பாத்து ஒட்டினே?" என்றார். அடுத்த வாரமே இருபது தலைப்பும் வந்தது, கூடவே மேற்பார்வைக்கு அவரும் வந்தார்.

மேற்பார்வையை எப்படிச் சமாளித்தோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். தயவுசெய்து சிரியுங்கள்.

அவர் பின்வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். கெட்டில் எழுந்தார். அதுதான், வரி அலுவலகத்துக்குப் பக்கத்தில் சூப் கடை வைத்திருக்கிற நம் கெட்டில். அறைக்குள் நாம் போட்டுக்கொள்கிற ஆங்கிலப் பெயர் அட்டைகளின் பெட்டியை அவர் முன்னால் நீட்டி, "இந்த ரூம்ல உக்காந்தா பேர் எடுக்கணும். ஒரு கேள்விக்காவது பதில் சொல்லணும். வயசும் வேலையும் கதவுக்கு வெளியே. நூலகத்துல பதிவான விதிங்க சார், நாங்க புதுசா எழுதல" என்றார். பதிவுப் படிவத்திலேயே அது இருக்கிறது, நீங்கள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்! விதி என்றால் மேங் சாருக்கு உயிர். கையை விட்டு ஒரு அட்டையை எடுத்தார். டெய்சி. பல் மருத்துவம் படிக்கப் போனாளே, அவளுடைய அட்டை. யாரும் சிரிக்கவில்லை. நான் என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அட்டை அந்தப் பெட்டியில் இல்லை. அதை முதலிலேயே எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறது.

அன்றைய தலைப்பு, எனக்குப் பிடித்த உணவு. கெட்டில்தான் ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் அவர் எப்படிப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும், கரண்டியால் சட்டியைத் தட்டுகிற மாதிரி. "எனக்குப் பிடிச்சது மாட்டெலும்பு சூப். ஆறரைக்கு வர்றோம்னு வரி ஆபீஸ்லேருந்து போன் வரும். பன்னெண்டு கிண்ணம் எடுத்து வைப்பேன். ஏழு மணிக்கு, சார் இன்னும் எந்திரிக்கல, ரத்து பண்ணுங்கன்னு போன் வரும். என் சூப்போட ருசி தெரியாமலே அந்தப் பசங்க ரிட்டயர் ஆகப் போறாங்க." அடுத்து நான். எனக்குப் பிடித்த உணவு அப்பாவோடு சாப்பிடுகிற இரவுச் சாப்பாடு, ஆனால் அது என்ன ருசி என்று சொல்ல முடியாது, கடைசியாகச் சாப்பிட்டபோது எனக்கு ஒன்பது வயது என்றேன். இப்படியே சுற்றி வந்தது. மேங் சார் எழுந்து, தலைப்பை விட்டு வெளியே போகிறோம் என்று சொன்னார். "எங்க போனோம்? சோத்தைப் பத்தித்தானே பேசறோம்!" என்றேன்.

அப்புறம் கெட்டில் அவர் பக்கம் திரும்பினார். "டெய்சி, நீ சொல்லு. உனக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன? அதைச் சூடா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

ஐம்பத்தாறு வயது அதிகாரியைப் பார்த்து, நீ! கதவருகே நின்றிருந்த, கி என்கிற நூலக ஊழியர் பெண், கையிலிருந்த புத்தகங்களைக் கீழே போட்டுவிட்டாள். மேங் சார் நல்ல ஆங்கிலத்தில், நம்மில் பாதிப் பேரைவிட நல்ல ஆங்கிலத்தில், "என் மனைவி செய்யிற கத்தாளை மீன் வறுவல். ஞாபகமில்லை" என்றார். அவ்வளவுதான். அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், இது அந்த மாதிரிக் கதை இல்லை. திங்கட்கிழமையே உங்களுக்குப் படிவத்தைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, அவர் இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே, கி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாளாம். "சார், நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாளாம். அடுத்த வாரத்திலிருந்து அவளும் குழுவில் சேருகிறாள், பன்னிரண்டாவது ஆளாக. பெயர் இன்னும் எடுக்கவில்லை.

அக்கா, இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். எண்பத்தெட்டாவது கேள்வியின் பின்பக்கத்தை நான் ஏப்ரலில்தான் திருப்பிப் பார்த்தேன். பென்சிலில் ஒரு வியாழக்கிழமையின் தேதி. பக்கத்தில் ஆஸ்பத்திரி, 7:20. அதற்குக் கீழே அலுவலகம், 7:50. வேறு ஒன்றும் எழுதவில்லை. அதற்கு அடுத்த வாரம் தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி ஊசி குத்திக்கொண்டு வந்து, உலகத்தின் சிறந்த கடற்கரை எது என்று எங்களையெல்லாம் கத்தவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அப்பா போய்விட்டார் என்று மட்டும் சொன்னீர்கள். உங்கள் அலுவலக மேலாளர் இரவு எட்டு மணிக்கு முன்னால் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை என்று இன்னொரு நாள் சொன்னீர்கள். அப்பா போனபோது நீங்கள் இன்னும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நான் ஒரு முட்டாள்.

தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியைப் பலகையில் ஒட்டியிருப்பேனா என்று நிறைய யோசித்தேன். முதலில் உங்களிடம் கேட்டிருப்பேன். நீங்கள் சரி என்றிருந்தால் ஒட்டியிருப்பேன். இன்னும் பெரிய எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை கெட்டில் கடையில் எல்லோரும் கூடினோம். கை தூக்கச் சொன்னோம். பதினோரு பேரும் தூக்கினோம், அறை போனால் போகட்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை கடையில் கூட்டம் இருக்காது. "நாற்காலி ஆடும், பூண்டு வாசனை அடிக்கும், ஆனா தலைப்பை நான் தணிக்கை பண்ண மாட்டேன்" என்றார் கெட்டில். ஜூலை முதல் சனிக்கிழமை அங்கே எண்பத்தெட்டாவது கேள்வியைத் திரும்ப எடுக்கிறோம். போன தடவை அதை வாசித்தது நான். அது என் கேள்வி இல்லை.

இங்கே மூன்று மணி என்றால் உங்களுக்கு அங்கே ஆறு மணி. அந்த விலங்கு மருத்துவமனையில் சனிக்கிழமையும் உங்களுக்கு வரவேற்பு மேசை வேலை என்று தெரியும். ஆறு அடித்ததும் எழுந்துவிடுங்கள் அக்கா. உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, திரும்பிப் பார்க்காதீர்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே கைபேசியைத் திறங்கள், நாங்கள் திரையில் இருப்போம். உங்கள் அட்டையைத் துடைத்து மேசையில் வைத்திருப்பேன். ஒன்றும் பேச வேண்டாம். அந்தக் கேள்வியை மட்டும் உங்கள் வாயால் கேளுங்கள், பதிலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அதுவரை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சூடாகச் சாப்பிடுங்கள்.

கையெழுத்துப் போடாத உங்கள் கைக்காகக் காத்திருக்கும்,
பிக்சல் என்கிற ஓக் தா-இன்